சில்லறைக் கோரிக்கைகள்

"பட்டணத்துல எங்கங்க சாதி இருக்குது?" என்று கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். படித்தவர்கள்தான் அதிகமாகக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் புத்தகம் எதையும் நீட்டுவதில்லை. பொழுது சாய்ந்த பிறகு இரண்டு தெருவில் நடந்துவிட்டு வாருங்கள் என்று சொல்கிறேன். ஒன்று, தியாகராய நகர் பாண்டி பஜார். 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்தில் ஏறக்குறைய 40 கோடி ரூபாய் செலவழித்து 2019 நவம்பரில் திறந்தார்களே, அந்த நடைபாதை. அகலமான தளம், உட்கார பெஞ்சு, பளீரென்று விளக்கு. இன்னொன்று புளியந்தோப்போ, வியாசர்பாடியோ, கண்ணகி நகரோ, எதுவாகவும் இருக்கட்டும். மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்புங்கள். அங்கே உங்கள் கண் தரையை விட்டு எழும்பாது. மூடியில்லாத சாக்கடை எங்கே, தண்ணீருக்கு அடியில் பள்ளம் எங்கே, தொங்குகிற ஒயர் எங்கே என்று பார்த்துப் பார்த்தே நடப்பீர்கள். இரண்டும் ஒரே மாநகராட்சி. ஒரே மேயர், ஒரே கமிஷனர், ஒரே பட்ஜெட். நடக்கிறவர்கள்தான் வேறு வேறு.

இந்தத் தலையங்கத்தை எழுதக் காரணம் ஒரு மனு. வடசென்னையில் கால்வாய் ஓரத்துத் தெரு ஒன்று. அந்தத் தெருப் பெண்கள் கேட்டதற்காக நானும் இரண்டு மாணவத் தோழர்களும் உட்கார்ந்து எழுதினோம். மூன்றே கோரிக்கை. பஸ் ஸ்டாப்பிலிருந்து தெருவுக்கு வரும் வழியில் எரியாத விளக்குகளை எரிய வைக்க வேண்டும். உடைந்த சாக்கடை மூடிகளை மாற்ற வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கடந்து போகிற ரோட்டில் வேகத்தடையும் வெள்ளைக் கோடும் போட வேண்டும். எழுதி முடித்ததும் ஒரு தோழர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணே, இதெல்லாம் கவுன்சிலர் செய்ற வேலைதானே? நில உரிமை, வன்கொடுமை, இடஒதுக்கீடுன்னு பேசிக்கிட்டிருந்த நாம இப்ப பல்பு மாத்தச் சொல்லி மனு எழுதுறோம். இது சீர்திருத்தவாதம் இல்லையா?"

பக்கத்தில் ஓர் அம்மா நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வீட்டுவேலைக்குப் போகிறவர். சீர்திருத்தவாதம் என்ற சொல் அவருக்குத் தெரியாது. கேள்வி மட்டும் புரிந்துவிட்டது. "தம்பி, நீ பேசறது பெர்சா இருக்கும். நான் ராத்திரி ஒம்போது மணிக்கு பஸ்ஸ விட்டு எறங்கி அந்த இருட்டுல வரணும். எம் பொண்ணு வரணும். ஒரு நாளு எங்கூட நடந்து வா, அப்பால சொல்லு" என்றார்.

தோழர் கேட்டது கேட்கக் கூடாத கேள்வி அல்ல. நம் வட்டத்தில் பலர் மனதுக்குள் வைத்திருக்கிற கேள்விதான். விளக்கு, சாக்கடை, பிளாட்பாரம் எல்லாம் சில்லறைக் கோரிக்கைகள்; பெரிய அரசியல் வேறெங்கோ இருக்கிறது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அதற்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும்.

*

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள் நவீன காலத்தில் எழுப்பிய முதல் கோரிக்கைகளில் ஒன்று தெரு. 1924 மார்ச் 30இல் வைக்கத்தில் போராட்டம் தொடங்கியது கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல. கோயிலைச் சுற்றியிருந்த சாலையில் நடப்பதற்காக. பெரியார் சிறைக்குப் போனது அந்தச் சாலைக்காகத்தான். ஒன்றரை ஆண்டுக்கு மேல் போராடி 1925 நவம்பரில் முடித்துக்கொண்டபோது, நான்கு பக்கச் சாலைகளில் மூன்றுதான் எல்லோருக்கும் திறந்திருந்தன. அதே 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் பொதுக் கட்டடமும் எல்லோருக்கும் பொது என்பதே அதன் சாரம். 1927 மார்ச் 20இல் மகாடில் அம்பேத்கர் மக்களைத் திரட்டிக்கொண்டு பொதுக்குளத்துக்கு நடந்துபோய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஒரு வாய் தண்ணீர் சில்லறை விஷயமா?

அரசியல் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அடிப்படை உரிமைகள் பகுதியில் 15(2) பிரிவு. அரசாங்கப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றோடு சாலையும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. சாதியின் பெயரால் அதை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. சாலையை அடிப்படை உரிமைகளுக்கு நடுவில் எழுத வேண்டியிருந்தது என்றால், அந்தச் சாலையில் யார் யாருக்கு என்னென்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதெல்லாம் பழைய கதை என்று சொல்ல முடியாது. உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய தீண்டாமைச் சுவரில் ஒரு பகுதியை உடைத்து வழி விட 2008 மே மாதம் வரை ஆனது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகிற வழியை மறித்ததால், நம் மக்கள் செத்தவரின் உடலைக் கயிறு கட்டிப் பாலத்திலிருந்து கீழே இறக்கினார்கள். செத்த பிறகும் நடைபாதை இல்லை.

ஆனால் நகரத்தில் யாரும் குறுக்கே நின்று "இந்தத் தெருவுல வராதே" என்று சொல்வதில்லை. நகரத்தின் தீண்டாமைக்கு வேலை செய்கிற விதம் வேறு. கிராமத்தில் நம்மை அவர்கள் தெருவுக்குள் வர விடவில்லை. நகரத்தில் நம் தெருவுக்கு எதுவும் வருவதில்லை. விளக்கு வராது, குப்பை லாரி வராது, ஆம்புலன்ஸ் முனையிலேயே நின்றுவிடும். கேட்டால், "வழி இல்லீங்களே" என்பார்கள். வழி இல்லை என்பதைத்தானே நாமும் சொல்கிறோம்!

*

இது யாரோ ஒரு அதிகாரியின் சோம்பேறித்தனத்தால் நடப்பதல்ல. இதற்குப் பின்னால் காகிதம் இருக்கிறது. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 1971இல் குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. ஒரு பகுதியைக் 'குடிசைப் பகுதி' என்று அரசு அறிவித்தால்தான் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் மேம்பாடும் அதற்கு உண்டு. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985இல் இன்னும் 17. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் புதிய அறிவிப்பே இல்லை. நகரம் வீங்கியது, கூலிக்கு வந்தவர்கள் ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் குடியேறினார்கள். ஆனால் காகிதத்தில் அவர்கள் இல்லை. இல்லாதவர்களுக்கு எப்படி விளக்குப் போடுவது? வரி மட்டும், ஓட்டு மட்டும், துடைப்பம் பிடிக்கிற கை மட்டும் இருக்கிறது.

பிறகு, 'ஆக்கிரமிப்பு' என்று சொல்லி அவர்களை நகரத்துக்கு வெளியே தள்ளினார்கள். 2000க்குப் பிறகு கண்ணகி நகர், அதன் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். அடுக்குமாடி கட்டிக் கொடுத்தோம் என்றார்கள். வீட்டை எண்ணினார்கள்; நடந்துபோகிற வழியை எண்ணவில்லை. குடியிருப்புக்கு வாரியம், தெருவுக்கு மாநகராட்சி அல்லது ஊராட்சி, ஒயருக்கு மின்வாரியம், கழிவுநீருக்குக் குடிநீர் வாரியம், பெரிய ரோட்டுக்கு நெடுஞ்சாலைத் துறை. ஒரு பள்ளத்துக்கு ஐந்து முதலாளிகள். புகார் கொண்டுபோகிறவரை ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் கை காட்டுவார்கள். நம் மனுவும் அப்படித்தான் மூன்று மேசை சுற்றியது. மூன்றாவது மேசையில் இருந்தவர், "இது எங்க லிமிட்ல வராதுங்களே" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

இப்படி ஒருவர் மேல் ஒருவர் போட்டுக்கொள்வதன் முடிவு என்ன? 2025 ஆகஸ்டில் கண்ணகி நகரில், விடியற்காலையில் வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளி ஒருவர் தேங்கிய மழைத் தண்ணீரில் கால் வைத்தார். மின்சாரம் பாய்ந்து அங்கேயே இறந்தார். நகரத்தின் தெருக்களைக் கூட்டப் போனவருக்கு, தன் தெருவைத் தாண்ட முடியவில்லை. அதே ஆகஸ்டில்தான் ரிப்பன் கட்டடத்துக்கு முன்னால், குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று துப்புரவுத் தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. தெருவைச் சுத்தம் செய்ய நாம் வேண்டும். தெருவில் உட்கார நாம் கூடாது. தெருவில் பத்திரமாக நடக்கவும் நமக்கு வழி கிடையாது.

மேட்டுப்பாளையம் நடூரை மறந்துவிட வேண்டாம். 2019 டிசம்பர் 2 விடியற்காலையில், ஒரு வசதியான வீட்டின் உயர்ந்த சுற்றுச்சுவர் மழையில் சரிந்து நம் மக்கள் 17 பேரைக் கொன்றது. அந்தச் சுவர் ஆபத்து என்று முன்பிருந்தே சொல்லிவந்ததாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு அதுவும் ஒரு சில்லறைப் புகாராகத்தான் இருந்திருக்கும்.

ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அந்தக் கணக்கில் சாதிக்கு ஒரு கட்டம் இல்லை. ஆனால் இந்த நாட்டில் வேலைக்கும் பள்ளிக்கும் தண்ணீருக்கும் ரேஷனுக்கும் நடந்தே போகிறவர்கள் யார் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

"ஃபண்டு இல்லை" என்பது அடுத்த பதில். இந்தப் பதிலை உச்ச நீதிமன்றம் 1980லேயே குப்பையில் போட்டுவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊர். திறந்த சாக்கடையும் மலமும் நாற்றமும் தாங்காமல் ஒரு தெரு மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். எங்களிடம் பணமில்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது. பணமில்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்புச் சொன்னார். அந்த மக்கள் பயன்படுத்தியது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு இருக்கிறது. பெயர் மாறிவிட்டது, கதவு மூடவில்லை. சட்ட மாணவர்கள் இதைக் குறித்துவைத்துக் கொள்ளுங்கள்.

இன்னொரு வழக்கு நமக்கு நெருக்கமானது. இமாச்சலப் பிரதேச மலைக் கிராமங்களின் ஏழைத் தலித் மக்கள், பாதியில் நின்றுபோன தங்கள் சாலையைப் பற்றி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். வக்கீல் வைத்து வழக்குப் போடவில்லை, வெறும் கடிதம். அதுவே வழக்கானது. மலையில் வாழ்கிறவர்களுக்குச் சாலை என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று 1986இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2025 மே மாதத்தில், கோவை மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், தடையில்லாத நடைபாதை 21ஆவது பிரிவின்கீழ் வரும் உரிமை என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஆக, விளக்கும் பிளாட்பாரமும் கவுன்சிலர் போடுகிற பிச்சை அல்ல.

பணத்துக்கே வருவோம். நடந்துபோகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் ஒதுக்குவோம் என்று சென்னை மாநகராட்சி 2014இல் ஒரு கொள்கையே எழுதிவைத்தது. இந்தியாவில் முதல் நகரம் என்று அதற்குப் பாராட்டும் கிடைத்தது. அந்தப் பணம் எந்த வார்டுக்கு, எந்தத் தெருவுக்குப் போனது என்று கேட்பதற்கு ஒரு தகவல் உரிமை மனு போதும். பட்டியல் சாதியினருக்கான தனி நிதியைப் பற்றி 2024இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் வந்துவிட்டது என்று தூங்கிவிடக் கூடாது. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக டெல்லியில் நம் மக்களுக்கான சிறப்புக்கூறு நிதியிலிருந்து நூற்றுக்கணக்கான கோடியைத் திருப்பிவிட்டார்கள். நம் பெயரில் ஒதுக்கிய பணம் இன்னொருவர் தெருவை அழகுபடுத்தும். இது நடந்த கதை.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். அந்தச் சொல்லால் பள்ளிக்கூடத்தில் கூனிக்குறுகிய பிள்ளைகளுக்கு அதன் அர்த்தம் தெரியும். ஆனால் பலகையில் புதுப் பெயர் எழுதினால் மட்டும் போதாது, ராத்திரியில் அந்தப் பலகையைப் படிக்க ஒரு விளக்கும் வேண்டும் என்கிறோம்.

*

இங்கே ஒரு எச்சரிக்கை. நடைபாதை வேண்டும் என்று நாம் மட்டும் கேட்கவில்லை. பெரிய வீட்டுக்காரர்களின் நலச்சங்கங்களும் கேட்கின்றன. அவர்கள் மனுவில் முதல் வரி, "ஆக்கிரமிப்பை அகற்று" என்று இருக்கும். ஆக்கிரமிப்பு என்று அவர்கள் சொல்வது இட்லிக் கடைப் பாட்டியை, செருப்புத் தைக்கிறவரை, பிளாட்பாரத்திலேயே பிறந்து அங்கேயே படுத்து எழுகிற குடும்பங்களை. அந்தப் பெரிய வீட்டின் கார் நடைபாதையில் ஏறி நிற்பதும், வாசல் சாய்தளம் தெருவில் பாதி வரை நீண்டிருப்பதும் ஆக்கிரமிப்புக் கணக்கில் வருவதில்லை. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்புரிமையும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று சொன்ன உச்ச நீதிமன்றமே, கடைசியில் அவர்களை அகற்றவும் அனுமதித்தது. 2014இல் தெருவோர வியாபாரிகளுக்கென்று சட்டம் வந்த பிறகும் வண்டி தூக்குவது நிற்கவில்லை. நம் மனுவில் இது தெளிவாக இருக்க வேண்டும்: எங்களுக்கு நடக்க இடம் வேண்டும், அதற்காக எங்களில் ஒருத்தியை அங்கிருந்து விரட்டாதே. கடைக்கும் இடம் ஒதுக்கி, நடக்கவும் இடம் விட்டுத் திட்டம் போடு. குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவையின் 2012 நெறிமுறையே சொல்கிறது. அதற்குமேல் இருக்கிற இடம் யாருக்கு என்பது அரசியல் கேள்வி. அதை நலச்சங்கத்தின் கையில் விடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் ஆட்களுக்கே. நம் கூட்டங்களில் மேடையில் ஆம்பளைங்கதான் உட்காருகிறோம். இருட்டுத் தெருவில் பயந்து நடக்கிறவள் பெண். கக்கூசுக்கு இருட்டும் வரை காத்திருந்தவள் பெண். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரிக்கு நடுவில் ரோட்டைக் கடக்கிறவள் பெண். விளக்கு நமக்குச் 'சில்லறை'யாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அதைக் கேட்கிறவர்கள் பெண்களாக இருப்பது. சாதி எதிர்ப்புப் பேசுகிற வாய், இதைக் கேட்கும்போது மட்டும் ஏன் கொட்டாவி விடுகிறது?

*

சரி, என்ன செய்வது? சீர்திருத்தவாதமா என்று கேட்ட தோழருக்கு என் பதில் இது: கோரிக்கை சின்னதா பெரியதா என்பதை அதன் பொருள் தீர்மானிப்பதில்லை. யார் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள், கேட்ட பிறகு என்ன ஆகிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. ஒரு புரோக்கர் கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று ஒரு பல்பு வாங்கிவந்தால் அது சலுகை. அடுத்த தேர்தலில் அதற்கு விலை உண்டு. ஒரு தெருவே எழுந்து, சட்டப் பிரிவைச் சொல்லி, தேதி போட்டு, ரசீது வாங்கி, கணக்குக் கேட்டு வாங்கினால் அது அமைப்பு. அந்தத் தெரு நாளைக்கு வெளியேற்ற நோட்டீஸ் வரும்போதும் சேர்ந்து நிற்கும். வன்கொடுமை வழக்குக்குச் சாட்சி சொல்லவும் வரும்.

ஆகவே மாணவத் தோழர்கள் முதலில் நடக்க வேண்டும். பகலில் ஒரு தடவை, ராத்திரியில் ஒரு தடவை. அந்தத் தெருப் பெண்களும் பிள்ளைகளும் முன்னால் போகட்டும், நீங்கள் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் போங்கள். கம்பத்தின் எண், எரிகிறதா இல்லையா, மூடியில்லாத சாக்கடை, திறந்து கிடக்கும் மின்பெட்டி, தண்ணீர் நிற்கிற இடம், பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிற இடம் எல்லாவற்றையும் எழுதி ஒரு வரைபடம் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தத் துறை பொறுப்பு என்று பக்கத்தில் குறியுங்கள். சென்னையில் 1913க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். எழுத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். இரண்டும் வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். தெருவில் உட்காருகிற உரிமை எப்போதும் கையிருப்பில் இருக்கிறது.

வார்டு குழுவையும் பகுதி சபையையும் விட்டுவிடாதீர்கள். 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் பகுதி சபைக்கு விதிமுறை எழுத 2022 ஆனது. அந்த ஆண்டு நவம்பர் 1இல் நகரங்களில் பகுதி சபைகள் கூடின. அதில் உட்காருகிற பகுதிப் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். நம் தெருவுக்கு அங்கே ஒரு நாற்காலி உண்டா என்று கேளுங்கள். 1945இல் என். சிவராஜ் இந்த நகரத்தின் மேயராக இருந்தார். 2022இல் ஒரு தலித் பெண் முதல்முறையாக மேயர் பதவி ஏற்றார். நாற்காலி முக்கியம்தான், அதற்காகத்தான் போராடினோம். ஆனால் நாற்காலியில் நம்மவர் இருக்கும்போது தெருவில் நாம் சும்மா இருந்தால், அந்த நாற்காலியைச் சுற்றி வேறு யாரோ நிற்பார்கள்.

வாசகர் வட்டங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இதழுக்குள் ஒவ்வொரு வட்டமும் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைதான் என்றில்லை, மதுரை, கோவை, நெல்லை, உங்கள் ஊர் நகராட்சி, எதுவானாலும் சரி. வரைபடத்தையும் மனுவின் நகலையும் ரசீது எண்ணையும் நமக்கு அனுப்புங்கள். வெளியிடுகிறோம். எந்தத் துறை எத்தனை நாள் இழுத்தடித்தது, எந்த விளக்கு என்றைக்கு எரிந்தது என்று இதழுக்கு இதழ் கணக்கு வைப்போம்.